கணுக்கால் அளவு

அரபு மொழியில் பயணத்துக்கு ‘ஸஃபர்’ என்று பெயர். திரையை விலக்குதல், வெளிப்படுத்துதல் என்னும் பொருள் அச்சொல்லின் வேரிலே உறைந்திருக்கிறது. மனிதர்களின் குணங்களை மூடியிருக்கும் திரையை விலக்கிக் காட்டுவதாலேயே பயணம் அப்பெயர் பெற்றது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்ற பெரியோர் விளக்கம் தருவர். இன்னார் நல்லவர் என்று சாட்சி சொல்ல வந்த ஒருவரிடம், அவரோடு பயணம் செய்ததுண்டா என்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் வினவியதாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியும் நம்மில் பலர் கேட்டதே. உடன் வருபவரின் குணத்தைப் பயணம் காட்டிக்கொடுக்கும் என்றே இதுகாறும் நான் பொருள் கொண்டிருந்தேன். என் குணத்தை எனக்கே காட்டிக்கொடுக்கும் என்பதைச் சில மாதங்களுக்கு முன் மேற்கொண்ட ஒரு பயணத்திலேதான் கண்டுகொண்டேன்.

சென்னையில் பணியாற்றும் என் மகன் மின்சாரக் கார் ஒன்று வாங்கியிருந்தான். என் சகோதரி மகளின் நிக்காஹ் காயல்பட்டினத்தில் நடைபெறவிருந்தது. தாம்பரத்திலிருந்து விழுப்புரம், திருச்சி, மதுரை, தூத்துக்குடி வழியாக ஏறத்தாழ 640 கிலோமீட்டர். ரயிலிலே போகலாம் என்றேன் நான். “புதுக் காரில் உம்மாவையும் உங்களையும் அழைத்துப் போக வேண்டும் வாப்பா” என்றான் அவன். பிள்ளையின் ஆசையை மறுக்க மனம் வரவில்லை.

மின்சாரத்தால் கார் ஓடுவது இந்த நூற்றாண்டின் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். 1908-ஆம் ஆண்டிலேயே ஆலிவர் ஃப்ரிச்சில் என்ற அமெரிக்கர், தாமே உருவாக்கிய மின்சாரக் காரில் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரிலிருந்து நியூயார்க் வரை சுமார் 1,800 மைல் தூரத்தைக் கடந்து காட்டினார். ஒரு முறை மின்னேற்றினால் 100 மைல் ஓடும் என்பதே அவர் காருக்கு அவர் செய்த விளம்பரம். வழியிலே மின்சாரம் கிடைக்கும் ஊராகப் பார்த்துத் தங்கித் தங்கியே அவர் போக வேண்டியிருந்தது. நூறாண்டுக்கு மேல் கடந்தும் அந்த நிலை முற்றும் மாறிவிடவில்லை. எங்கள் காரின் மின்கலம் 45 யூனிட் மின்சாரம் கொள்ளும். நெடுஞ்சாலை வேகத்தில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் செலவாகிறது. ஆக, முழுதும் நிரம்பினால் 300 கிலோமீட்டர். அதற்குள் மின்னேற்றும் இடம் ஒன்றைச் சென்றடைந்தாக வேண்டும். ஒட்டகத்தின் மேல் பாலையைக் கடந்தவன் அடுத்த கிணறு எங்கே என்று கணக்கிட்டதைப் போலவே, இந்தக் காரில் போகிறவனும் கணக்கிட்டுக்கொண்டே போகிறான்.

பெரம்பலூருக்கு அருகே

சுபுஹு தொழுகைக்குப் பின் புறப்பட்டு ஒன்பது மணியளவில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஓர் உணவு விடுதியின் வளாகத்தில் நிறுத்தினோம். அங்கேதான் சார்ஜ் போடுவதென்று மகன் திட்டமிட்டிருந்தான். இயந்திரத்தின் திரையில் விளக்கு எரிந்தது, மின்சாரம் ஏறவில்லை. தொலைபேசியில் அழைத்தான், யாரோ எடுத்து, காத்திருக்கச் சொல்லி, பின்னர் துண்டித்துவிட்டார்கள். அரை மணி நேரம் அப்படியே கழிந்தது. மின்கலத்தில் மூன்றில் ஒரு பங்கே மிச்சம். அடுத்த நிலையம் பெரம்பலூருக்கு அருகே, 70 கிலோமீட்டருக்கு அப்பால்.

வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்று மகன் சொன்னான். ஆகவே குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, லாரிகளுக்கும் வழிவிட்டுக்கொண்டு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தோம். திரையிலே எண் குறையக் குறைய என் நெஞ்சில் படபடப்பு ஏறியது. பின் இருக்கையில் என் மனைவியும் மருமகளும் பேரக் குழந்தைகள் இருவரும் வெயிலில் வாடியிருந்தார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு மிச்சமிருக்கும்போது பெரம்பலூர் நிலையத்தை அடைந்தோம். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் வாய்விட்டுச் சொன்னபோது மணி பதினொன்றேகால்.

அங்கே ஓர் இயந்திரம். அதில் ‘கன்’ என்று வழங்கும் செருகிகள் இரண்டு. அவற்றுள் ஒன்றில் ‘பழுது’ என்று எழுதிய தாள் தொங்கியது. மற்றொன்றைச் செருகினோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாயிற்று. நூற்றுக்கு எண்பது என்று திரை காட்டியது. இதற்குள் வேறொரு மின்சாரக் கார் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அவர் மனைவி, வயது முதிர்ந்த ஓர் அம்மையார். முகத்தைக் கண்டால் இந்துக் குடும்பத்தார் என்று தெரிந்தது. அந்த அம்மையாரின் நெற்றியில் திருநீறு இருந்தது.

“எண்பது வந்துவிட்டது, போதும் வாப்பா. மதுரை வரை தாராளமாகப் போய்விடலாம். இடையிலே திருச்சியிலும் நிலையங்கள் இருக்கின்றன” என்றான் மகன்.

“உளுந்தூர்பேட்டையில் பட்டது போதாதா? பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்க முடியுமா? நிறையட்டும்” என்றேன் நான்.

அவன் ஒருமுறை பின்னால் நின்ற காரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். தந்தை சொல்லைத் தட்டும் பிள்ளையல்லன், பேசாமலிருந்துவிட்டான்.

நான் ஒளுச் செய்து, வேப்பமரத்து நிழலில் விரிப்பை விரித்து, லுஹரையும் அஸரையும் இணைத்துச் சுருக்கித் தொழுதேன். குளிரூட்டிய காரில் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் பயணத்துக்கும் கஸ்ரு உண்டா என்று என்னிடம் ஓதும் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில், கடல்வழியாக அத்தூரத்தை ஒரு நாழிகையில் கடந்தாலும் சுருக்கித் தொழலாம் என்றே சட்டம் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டுவேன். சலுகை சிரமத்தை அளந்து கொடுக்கப்பட்டதன்று. பயணிக்கு இறைவன் செய்த உபகாரம். அந்த உபகாரத்தை ஏற்றுத் தொழுது முடித்தபின்பும், கார் நிறையவில்லை என்பதால், அங்கேயே அமர்ந்து தஸ்பீஹு ஓதிக்கொண்டிருந்தேன்.

நூறு என்று திரை காட்டியபோது மணி ஒன்று பத்து. எஞ்சிய அந்த ஐந்தில் ஒரு பங்கு நிறைவதற்கு ஐம்பது நிமிடம் பிடித்திருந்தது. காரை நகர்த்தும்போது மரியாதைக்காக அந்த மனிதரிடம், “எதுவரை பயணம்?” என்று கேட்டேன்.

“மணப்பாறைக்குப் பக்கம் பாய். அம்மாவின் தம்பி காலையில் இறந்துவிட்டார். மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள். அம்மா முகம் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.”

எனக்கு உடல் சில்லிட்டது. “முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“நீங்கள் தொழுதுகொண்டிருந்தீர்கள். இடையில் வந்து கேட்கக் கூடாது என்றிருந்தேன். பரவாயில்லை பாய்” என்று சொல்லிவிட்டு அவர் கன்னை எடுத்துச் செருகினார். அந்த அம்மையார் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் கைகளைக் கோத்தபடி சாலையையே பார்த்திருந்தார்.

ஜும்ஆவின் வரிசைகள்

காருக்குள் வெகுநேரம் யாரும் பேசவில்லை. மனம் தானாகக் கணக்குப் போட்டது. மணப்பாறைப் பக்கம் செல்ல 100 கிலோமீட்டர். அதற்கு அவருக்கு அரை மணி நேர மின்னேற்றம் போதும். எண்பதில் நாங்கள் விலகியிருந்தால் ஒன்றுக்கு முன்பே அவர் புறப்பட்டு இரண்டரைக்குச் சேர்ந்திருப்பார். இப்போதோ மூன்றைத் தாண்டிவிடும். நடுவில் நின்றது என்னுடைய ஐம்பது நிமிடம்.

திருச்சியைத் தாண்டியபின், “கடைசிப் பங்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாக ஏறுகிறது?” என்று மகனைக் கேட்டேன். அவன் விளக்கினான். மின்கலத்தின் ஒரு பக்கத்தில் கிராஃபைட் இருக்கிறது. பென்சிலின் நடுவில் இருக்கும் அதே கரிப்பொருள். அது ஏடு ஏடாக அடுக்கப்பட்ட அமைப்புடையது. மின்னேற்றும்போது லித்தியத்தின் நுண்துகள்கள் மறுபக்கத்திலிருந்து வந்து அந்த ஏடுகளின் இடைவெளிகளில் அமர்கின்றன. லித்தியம் இவ்வாறு கிராஃபைட்டினுள் புகுந்து மீளக்கூடும் என்று 1980-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சின் கிரனோபிள் நகரில் செயல்படுத்திக் காட்டியவர், மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்த ரஷீத் யஸமி. அவர் 2014-ல் அமெரிக்க தேசியப் பொறியியல் கழகத்தின் டிரேப்பர் பரிசை வேறு மூவருடன் பகிர்ந்துகொண்டார். இல்மின் ஊற்றாக விளங்கிய ஃபெஸ் நகரின் பெயரை அந்த வேளையில் கேட்டது எனக்குச் சற்று ஆறுதலாயிருந்தது.

“ஜும்ஆவுக்கு மக்கள் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள் வாப்பா. பள்ளிவாசல் காலியாயிருக்கும்போது வருகிறவர்கள் தயங்காமல் போய் அமர்கிறார்கள். வரிசைகள் நிரம்பிய பிறகு வருகிறவர், எங்கே ஓரிடம் இருக்கிறதென்று தேடி மெல்லத்தான் போக முடியும். நெருக்கித் தள்ளினால் வாசலிலேயே கூட்டம் தேங்கும். இங்கும் அவசரப்படுத்தினால் லித்தியம் உள்ளே இடம் பெறாமல் மேற்பரப்பிலேயே உலோகமாய்ப் படிந்துவிடும், மின்கலம் கெடும். ஆகையால் நிறைய நிறைய இயந்திரம் தானே ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் நெடுவழியில் எண்பதோடு நிறுத்திவிட்டுப் போவது வழக்கம்.”

எண்பதோடு நிறுத்திவிட்டுப் போவது! அச்சொல்லைக் கேட்டதும் முப்பதாண்டுகளாக நான் ஓதிக்கொடுத்துவரும் ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. அது வந்த நேரம்தான் தப்பிப் போயிற்று.

மஹ்ஸூர் ஓடை

நம்முடைய ஃபிக்ஹு நூல்களில் ‘இஹ்யாவுல் மவாத்’ என்றொரு பாடம் உண்டு. தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றியது. பொதுவான ஓடை நீர் போதாமல் குறுகிவிட்டால் அதை எவ்வாறு பங்கிடுவது என்பது அதிலே ஒரு பகுதி. மதீனாவில் மஹ்ஸூர், முதைனிப் என்ற ஓடைகள் இருந்தன. மேல்மடைக்காரர் தம் நிலத்தில் நீரைக் கணுக்கால் அளவு தேக்கிக்கொள்ளலாம். பின்னர் கீழ்மடைக்காரருக்கு விட்டுவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது ‘முவத்தா’வில் பதிவு செய்திருக்கிறார்கள்.

புகாரி ஷரீஃபில் இதையொத்த மற்றொரு வழக்கு காணப்படுகிறது. ஹர்ரா என்னும் கருங்கல் நிலத்து வாய்க்கால் பற்றி ஹஸ்ரத் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் பிணக்கு வந்தது. ஸுபைர் (ரலி) நிலம் மேலே. மற்றவர் நிலம் கீழே. நீர் பாய்ச்சிக்கொண்டு பக்கத்தாருக்கு விட்டுவிடுமாறு ஸுபைரிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். தம் அத்தை மகன் என்பதால் இப்படிச் சொல்கிறார் என்று அந்த மனிதர் குறை பேசினார். அதன் பின்னரே, நீர் வரப்பைத் தொடும்வரை தேக்கிக்கொள்ளுமாறு ஸுபைருக்குச் சொல்லப்பட்டது. முதலாவது, இருவருக்கும் இதமான சமரசம். இரண்டாவது, ஸுபைருக்குச் சட்டம் தரும் முழு உரிமை என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். அந்த முழு உரிமையை மக்கள் அளந்து பார்த்தபோது அது கணுக்கால் அளவாக இருந்தது என்று இப்னு ஷிஹாப் (ரஹ்) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். கணுக்கால் அளவு என்பது தாராள மனத்தின் அளவன்று. உரிமையின் உச்ச வரம்பே அவ்வளவுதான். அதற்குக் குறைவாக எடுத்துக்கொண்டு விட்டுக்கொடுப்பது நற்குணம். அதற்கு மேல் தேக்குவது, கீழே ஒருவர் காத்திருக்கும்போது, உரிமை மீறல். அந்த அளவைக் கடந்தபின் நிலத்தில் ஏறும் நீர் பயிருக்குப் பெரிதாக உதவுவதில்லை. கீழே உள்ளவனின் வேரோ காய்ந்துகொண்டிருக்கிறது. மின்கலத்தின் எண்பதும் அப்படிப்பட்ட ஓர் எல்லையாகவே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு மேல் நான் பெறுவது சிறிது. காத்திருப்பவர் இழப்பதோ பெரிது.

இதற்கு மறுப்பு எழலாம். மின்சாரம் ஓடை நீரன்று. ஒருவர் முதலிட்டு அமைத்த நிலையத்தில் காசு கொடுத்து வாங்குவது. காசு கொடுத்தவன் தான் விரும்பிய மட்டும் நிரப்பிக்கொள்ள உரிமையுடையவன் அன்றோ? உண்மைதான். எந்தக் காழியிடம் இவ்வழக்கு சென்றாலும் என்மீது குற்றம் சாட்டப்பட மாட்டாது. ஆயினும் நம் சட்ட அறிஞர்கள் ‘களாஅன்’ என்றும் ‘தியானத்தன்’ என்றும் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். முன்னது நீதிபதியின் முன் செல்லுபடியாவது. பின்னது அடியானுக்கும் இறைவனுக்கும் இடையே செல்லுபடியாவது. முதல் மன்றத்தில் வென்றவன் இரண்டாம் மன்றத்திலும் வெல்வான் என்ற உத்தரவாதம் கிடையாது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் இருக்கிறது. நெருப்பு என்பதற்கு விறகு என்றும், பற்றவைத்துக்கொள்ளும் சுடர் என்றும் பெரியோர் பொருள் கூறினர். மின்சாரத்துக்கு விலை வைக்கக் கூடாதென்று அதைக் கொண்டு நான் வாதிடவில்லை. உயிர் வாழத் தேவையான பொதுப் பொருள்களில் விலை கொடுத்த பின்பும் பிறர் தேவையின் சாயல் படிந்தே இருக்கிறது என்பதை மட்டும் அதிலிருந்து உணர்கிறேன்.

அதனினும் என்னை நடுங்கச் செய்வது புகாரியில் உள்ள வேறொரு நபிமொழி. மறுமையில் இறைவனின் அருட்பார்வையை இழக்கும் மூவரைக் குறித்துச் சொல்லும்போது, வழியிலே தன்னிடம் மிகுதியாயிருந்த நீரை வழிப்போக்கருக்குத் தராமல் தடுத்தவனை அது முதலில் எண்ணுகிறது. வழி, மிகுதி, வழிப்போக்கர் ஆகிய மூன்றும் பெரம்பலூர் வேப்பமரத்தடியில் ஒன்றுகூடியிருந்தன. அன்று மதுரைக்கு நாங்கள் சென்று சேர்ந்தபோது மின்கலத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து மிச்சமிருந்தது. நான் அச்சத்தோடு சேர்த்து வைத்த அந்த இருபது பங்கும் தொடப்படாமலே மதுரை வந்தது.

அச்சமும் மிகுதியும்

என்னை அப்படிச் செய்யவைத்தது பேராசை என்று சொல்ல மாட்டேன். அச்சம்தான். ஒரு நிலையம் ஏமாற்றியதால் எல்லா நிலையங்களும் ஏமாற்றும் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. குடும்பத்தைக் காப்பது கடமை என்று அந்த அச்சம் தனக்கொரு நற்பெயரையும் சூட்டிக்கொண்டது.

அச்சம் தன்னளவில் பாவமன்று. ஆளரவமற்ற பள்ளத்தாக்கில் கைக்குழந்தையின் தாகத்துக்காக ஓடிக் களைத்த அன்னை ஹாஜர் (அலை) அவர்கள், ஸம்ஸம் பொங்கியபோது அதைச் சுற்றிக் கையால் அணைகட்டி, தோற்பையில் அள்ளி நிரப்பினார்கள். எந்தத் தாய்தான் அவ்வாறு செய்ய மாட்டாள்? அண்ணலார் (ஸல்) அவர்கள் இதைக் குறிப்பிடும்போது, இஸ்மாயீலின் தாயாருக்கு இறைவன் அருள் புரியட்டும் என்று முதலில் பிரார்த்தித்துவிட்டு, அதை அவர்கள் அப்படியே விட்டிருந்தால் ஸம்ஸம் ஓடும் ஊற்றாக இருந்திருக்கும் என்னும் கருத்தைத் தெரிவித்தார்கள். அன்னையைப் பழிக்கும் சொல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அச்சத்தோடு அள்ளும் கை, ஓடவேண்டிய ஒன்றைத் தேங்கச் செய்துவிடும் என்ற பாடம் இருக்கிறது. பின்னர் ஜுர்ஹும் கூட்டத்தார் வந்து தங்க அனுமதி கேட்டபோது அதே அன்னையார் இசைந்தார்கள், பாலை நகரமாயிற்று. அச்சத்தைக் கடந்து திறந்த கதவிலேதான் மக்கா பிறந்தது.

எச்சரிக்கைக்கும் அச்சத்துக்கும் எல்லை எங்கே என்று கேட்டால், எனக்குத் தோன்றும் விடை இதுதான். எச்சரிக்கை கணக்குப் பார்க்கும். அச்சம் கணக்கை நம்பாது. எண்பதில் 240 கிலோமீட்டர் செல்லலாம், மதுரை 200 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, இடையிலே திருச்சி இருக்கிறது என்று என் மகன் சொன்னது எச்சரிக்கை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டு என்னும் போதனைக்கு அது முற்றும் பொருந்தியது. கட்டிய ஒட்டகத்தை மீண்டும் மீண்டும் கட்டிக்கொண்டே இருந்தவன் நான். கையில் தஸ்பீஹு மணி இருந்தது; நெஞ்சில் தவக்குல் இல்லை.

கேட்காமற்போன கேள்வி

எண்பதோடு நிறுத்துவது ஒரு விதி. விதியைக் கடைப்பிடித்தால் மட்டும் கடமை தீர்ந்துவிடுமா? அந்த மனிதர் நாற்பது பங்கிலேயே வந்து நின்றிருந்தால்? அப்போதும் அவருக்கு வேண்டியிருந்தது அரை மணி நேர மின்னேற்றம்தான். எங்களுக்கோ மறுநாள் நிக்காஹுக்குப் போய்ச் சேர நேரம் ஏராளமாக இருந்தது. விதி எனக்கு எண்பது வரை உரிமை தந்திருக்கும். அந்த அம்மையாருக்கு அது உதவியிருக்காது.

இங்கேதான் மத்யன் நகரத்துக் கிணற்றங்கரை நினைவுக்கு வருகிறது. திருமறையின் அல்கஸஸ் அத்தியாயத்தில் அந்நிகழ்ச்சி கூறப்படுகிறது. ஊரை விட்டு ஓடிவந்த மூஸா (அலை) அவர்கள் அங்கே வந்தடைந்தபோது மக்கள் கூட்டமாக நின்று தம் கால்நடைகளுக்கு நீர் புகட்டிக்கொண்டிருந்தார்கள். இரு பெண்கள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் முறையிடவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. மூஸா (அலை) அவர்களே அருகே சென்று, அவர்களுடைய காரியம் என்ன என்று கேட்டார்கள். மேய்ப்பர்கள் விலகும்வரை தாங்கள் புகட்ட இயலாது என்பதும், தந்தை வயது முதிர்ந்தவர் என்பதும் கேட்ட பின்பே வெளிவந்தன. பசியும் களைப்புமாயிருந்த அந்தப் பயணி அவர்களுக்காக நீர் இறைத்தார்கள். அதன் பின்னரே நிழலுக்கு ஒதுங்கி, நீ இறக்கியருளும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்னும் கருத்தில் இறைவனிடம் இறைஞ்சினார்கள்.

அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கேள்வி, பிறகு உதவி, அதன் பிறகு நிழல், கடைசியில் பிரார்த்தனை. நான் முதலிலேயே நிழலுக்குப் போனேன்; பிரார்த்தித்தேன்; கேள்வியைக் கடைசியில், அதுவும் மரியாதைக்காகக் கேட்டேன். இறைவன் எனக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தந்தான். என் ஐம்பது நிமிடத்தைப் பிறருக்காகச் சுருக்க என்னால் முடியவில்லை. என் தொழுகையை மதித்து ஒருவர் பேசாமல் நின்றார். அந்த மதிப்புக்குரிய மனிதனாக நான் நடந்துகொள்ளவில்லை.

ஒதுங்கி நிற்பவர் தாமாக வந்து கேட்க மாட்டார். நாணம் உள்ளவர் கேட்க மாட்டார். துயரத்தில் இருப்பவரும் கேட்க மாட்டார். ஆகவே கேட்கும் கடமை இருப்பவனைச் சார்ந்தது, இல்லாதவரைச் சார்ந்ததன்று. நம் மார்க்கம் வழிப்போக்கரின் உரிமையைப் பேசும்போது அவருடைய மதம் இன்னதென்று நிபந்தனை விதிக்கவில்லை என்பதையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ள வேண்டும்.

செய்யத்தக்கவை

நம் குடும்பங்களிலும் இவ்வகைக் கார்கள் பெருகி வருகின்றன. விடுமுறைக்கும் திருமணத்துக்கும் மின்சாரக் காரிலே ஊர் செல்லும் இளைஞர்களுக்கு, தவறிழைத்த ஒருவனின் அனுபவமாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். பின்னால் யாரும் இல்லையேல் நூறு வரை நிரப்பிக்கொள்ளலாம். நீர் தாராளமாய் ஓடும்போது கணுக்கால் கணக்கு இல்லை என்பதே சட்டம். ஒருவர் வந்து நின்றால் இறங்கிப் போய், எங்கே செல்கிறார், எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். அவருடைய தேவை அவசரமானால், அடுத்த நிலையம் வரை செல்லும் அளவோடு விலகிவிடுங்கள். அடுத்த நிலையம் உண்மையிலேயே தொலைவிலிருந்து உங்களுக்கே அதிகம் தேவைப்பட்டால், அதை அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த காத்திருப்பு பாதிச் சுமைதான். காரைச் செருகிவிட்டு உணவுக்கோ தொழுகைக்கோ செல்பவர், தொலைபேசி எண்ணைக் கண்ணாடியில் எழுதிவைத்துச் செல்வது நன்று.

நம் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஸுபைதா அம்மையார், கூஃபாவிலிருந்து மக்கா வரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீண்ட வழியிலே கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் தங்குமிடங்களும் அமைக்கப் பெரும்பொருள் செலவிட்டார்கள். 831-ல் அவர்கள் மறைந்த பின்னும் அந்த வழிக்கு அவர்கள் பெயரே நிலைத்தது. நம் நாட்டிலும் தண்ணீர்ப்பந்தலும் முசாபர்கானாவும் வைத்த முன்னோர் இருந்தார்கள். நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல்களில் 16 ஆம்பியர் பிளக் ஒன்று பொருத்துவது பெருஞ்செலவன்று. மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். இரவு பத்து மணி நேரம் தங்குகிறவருக்கு 200 கிலோமீட்டருக்கான மின்சாரம் கிடைத்துவிடும். வக்ஃபுப் பொருள் வீணாகாதபடி தனி மீட்டர் வைத்து, ஆகும் கட்டணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். பிளக்கின் அருகே ஒரே ஒரு வரி எழுதிவைத்தால் போதும்: பின்னால் நிற்பவரிடம் கேளுங்கள்.

அந்த மணப்பாறைக் குடும்பத்தாரின் பெயர் எனக்குத் தெரியாது. காரின் எண்ணையும் நான் கவனிக்கவில்லை. அந்த அம்மையார் தம்பியின் முகத்தைப் பார்த்தாரோ, பார்க்கவில்லையோ, அதையும் நான் அறியேன். இறைவனுக்குச் செய்யும் குற்றத்தை அவனிடம் அழுது மன்னிப்புப் பெறலாம். அடியாருக்குச் செய்யும் குற்றத்தை அந்த அடியாரே மன்னித்தாக வேண்டும் என்று மாணவர்களுக்குப் போதிக்கிறேன்; எனக்கோ மன்னிப்புக் கேட்க முகவரி இல்லை. ஊர் திரும்பும் வழியில் அதே நிலையத்தில் சற்று நின்றோம். எங்களுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. பழுதென்ற தாள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் பின்னால் காத்திருந்தார். நான் இறங்கிப் போய், காத்திருந்தவரிடம் எங்கே பயணம் என்று கேட்டேன். அவசரம் ஒன்றுமில்லை என்றார் அவர். மனம் சிறிது இலேசாயிற்று.

தேவைக்கு மேல் தேக்காத கையையும், ஒதுங்கி நிற்பவரைக் காணும் கண்ணையும், கேட்க வேண்டியதை உரிய நேரத்தில் கேட்கும் நாவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.